வாழவந்தியில் சிரிக்காதவர்கள்

பள்ளிக்கூடத்தில் படம் காட்ட ஜீப் வருகிறது என்று ஜெயகுமாரி டீச்சர் வந்து சொன்னபோது கண்ணாயிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வாழவந்தியிலிருந்து சினிமாப் பார்க்க வேண்டுமென்றால் மலையிறங்கி சேலத்துக்குப் போக வேண்டும். கல்யாணமான புதிதில் ஒருமுறை போனாள். அதன் பிறகு பொன்னுவேலுக்கு எஸ்டேட் வேலை, அவளுக்குக் காட்டு வேலை, மகள் அத்தாயி பிறந்து வளர்ந்து ஒன்றாம் வகுப்புக்கும் போய்விட்டாள். சினிமா வந்து வாசலில் நின்றால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

"பொம்மைப் படமாம் கண்ணாயி. குடும்பத்தோட பாக்கறதாம். எல்லாரும் கட்டாயம் வரணும்னு உத்தரவு" என்றார் டீச்சர்.

"படம் பாக்கறதுக்கு எதுக்குங்க டீச்சர் உத்தரவு?"

"அது எனக்கும் தெரியல" என்று டீச்சர் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

உலகம் முழுவதும் குழந்தைகளுக்கென்று ஓர் ஆண்டை ஒதுக்கிக் கொண்டாடிய சமயம் அது. எழுபத்தொன்பது. எல்லாத் துறைகளும் குழந்தைகளுக்காக ஏதாவது செய்தாக வேண்டும் என்று மேலிடம் சொல்லியிருந்தது. குடும்ப மகிழ்ச்சித் துறை ஒரு கார்ட்டூன் படம் எடுத்தது. அந்தத் துறைக்கு அதற்கு முன் என்ன வேலை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் அதற்கு இயக்குநர் இருந்தார், உதவி இயக்குநர்கள் இருந்தார்கள், பச்சை நிறத்தில் ஜீப்பும் இருந்தது. இவ்வளவும் இருக்கும்போது வேலை தானாக வந்து சேர்ந்துவிடும் என்ற நம்பிக்கையில் அது நடந்துகொண்டிருந்தது.

படத்தின் பெயர் 'அணில் குடும்பமும் ஆந்தையாரும்'. ஆந்தை என்றால் அறிவு என்று துறையில் ஒருவர் எதிலோ படித்திருந்தார். கூரைமேல் ஆந்தை அலறினால் அந்த வீட்டில் சாவு விழும் என்று நடுங்குகிற ஊர்களுக்குத்தான் படம் போகப்போகிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. யாராவது சொல்ல நினைத்த நேரத்தில் ஆந்தையை வரைந்து முடித்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜீப் வந்தது. பள்ளிக்கூட ஜன்னல்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டு உள்ளே இருட்டாக்கினார்கள். வெளியே ஜெனரேட்டர் உறுமியது. சுவரில் வெள்ளைத் துணி கட்டியதும் கண்ணாயி அத்தாயியை மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். பக்கத்தில் பொன்னுவேல் சட்டைப் பித்தானை மேல்வரைக்கும் போட்டுக்கொண்டு, எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் முன்னால் உட்காருவதுபோல உட்கார்ந்திருந்தான்.

துணிக்கு இந்தப் பக்கம் துறையின் உதவி இயக்குநர் அங்கப்பன் நின்றார். இஸ்திரி கலையாத சட்டை, நெற்றியில் திருநீறு. அந்தப் பக்கம் ஆய்வாளர் ஏசுராஜ் நின்றார். ஒல்லியான இளைஞர். இருவர் கையிலும் நீளமான டார்ச் விளக்கு.

"பொதுமக்களே!" என்றார் அங்கப்பன். "இந்தப் படத்தைப் பார்த்து நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். உங்களை யாரும் தடுக்க மாட்டார்கள். சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று மட்டும் கேட்போம். நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று நீங்கள் யோசித்துச் சிரமப்பட வேண்டாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் அரசாங்கம் எங்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது."

எல்லாரும் கைதட்டினார்கள். படம் ஓடியது.

முதலில் ஒரு மரம் வந்தது. மரப்பொந்தில் அப்பா அணில், அம்மா அணில், நாலைந்து குட்டிகள். குட்டிகள் குதித்தன, கத்தின, ஒன்றின் வாலை ஒன்று பிடித்து இழுத்தன. அத்தாயி மடியில் துள்ளினாள். அப்போது ஒரு பச்சை ஜீப் வந்து மரத்தடியில் நின்றது. அதிலிருந்து ஆந்தை இறங்கியது. வரைந்தவர்களுக்கு அவகாசம் போதவில்லையோ என்னவோ, ஆந்தையின் உடம்பில் எதுவும் அசையவில்லை. கண்கள் மட்டும் உருண்டன. தலை மட்டும் முழு வட்டமாகச் சுற்றிப் பழைய இடத்துக்கு வந்தது.

"இந்த வீட்டில் சத்தம் அதிகமாக இருக்கிறதே!" என்றது ஆந்தை. ஆண் குரல், சளி பிடித்த குரல்.

அப்பா அணிலும் அம்மா அணிலும் கைகூப்பின. ஆந்தை ஒரு சாக்கை விரித்தது. குட்டிகளை ஒவ்வொன்றாகக் காதைப் பிடித்துத் தூக்கி உள்ளே போட்டு வாயைக் கட்டியது. சாக்கு கொஞ்ச நேரம் துள்ளியது. அப்புறம் அடங்கியது. ஜீப் கிளம்பிப் போனது. பொந்தில் அமைதி. அப்பா அணிலும் அம்மா அணிலும் ஒன்றையொன்று பார்த்துச் சிரித்து, வாசலில் பூச்செடி நட்டன. கடைசியாக ஆந்தையின் முகம் துணி முழுக்க வந்து நின்றது. "அடுத்து எந்த வீடு?" என்று கேட்டது. அத்தோடு படம் முடிந்தது.

"அம்மா, அணில்குட்டிங்க எங்க போச்சு?"

அத்தாயிதான் கேட்டாள். அமைதியான அறையில் அந்தக் கேள்வி எல்லாருக்கும் கேட்டது. கண்ணாயி வாயைத் திறந்தாள். படத்தில் அது வரவில்லை.

பதில் வராததைக் கண்டு அத்தாயி அழுதாள். அவளைப் பார்த்துப் பின்னால் ஒரு பிள்ளை அழுதது. பிறகு வரிசையாகப் பிள்ளைகள் எல்லாம் வீறிட்டன. உடனே இரண்டு டார்ச்சுகளும் எரிந்தன. வெளிச்சம் முகம் முகமாக நகர்ந்தது. வெளிச்சம் பட்ட பெரியவர்கள் கண் கூசி, பதறி, பல்லைக் காட்டினார்கள். பொன்னுவேல் மீது விழுந்தபோது அவன் "ஹா ஹா" என்று சத்தமாகவே சிரித்தான். கண்ணாயி திரும்பிப் பார்த்தாள். பத்து வருஷக் குடித்தனத்தில் அந்தச் சிரிப்பை அவள் கேட்டதில்லை.

"பிரமாதம்" என்றார் அங்கப்பன். "இவர் பெயர் என்ன?"

வெளிச்சம் கண்ணாயியிடம் வருவதற்குள் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

*

அன்றிலிருந்து அத்தாயி கதவைச் சாத்த விடவில்லை. சாத்தினால் ஆந்தை வெளியே நிற்பது தெரியாதாம். சத்தம் போட்டு விளையாடுவதையும் நிறுத்திவிட்டாள். எதையாவது கேட்க வேண்டுமென்றால் காதருகே வந்து கிசுகிசுத்தாள். எஸ்டேட் லாரி மேட்டில் ஏறும் சத்தம் கேட்டாலே போதும், காய்ந்த ராகித்தட்டைக் குவித்த போருக்குள் புகுந்துகொள்வாள். இழுத்து வெளியே எடுக்கும்போது உடம்பெல்லாம் சுணை பட்டுத் தடித்திருக்கும். அவள் மட்டுமில்லை, ஊரில் பல பிள்ளைகள் அப்படித்தான். பகல் முழுக்க வாழவந்தித் தெருவில் பிள்ளைச் சத்தமே இல்லை.

"ஏனுங்க, அந்தப் படத்துல அப்பிடி என்ன சிரிப்பு வந்துச்சு உங்களுக்கு?" என்று கண்ணாயி புருஷனைக் கேட்டாள்.

பொன்னுவேல் தலையைக் குனிந்தான். "சிரிப்பு வருலீடி. லைட்டு வந்துச்சு."

அடுத்த வாரம் ஜீப் திரும்ப வந்தது. இந்த முறை ஜெனரேட்டர் இல்லை. ஊரைப் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டினார்கள். பிள்ளைகளை முன்வரிசையில் நிறுத்தினார்கள்.

ஜெயகுமாரி டீச்சர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு முன்னால் போனார். "சார், பிள்ளைங்க பயந்துட்டாங்க. அதுதான் விஷயம்."

அங்கப்பன் கோபப்படவில்லை. அவர் எப்போதும் கோபப்படுவதில்லை. அதுதான் எல்லாருக்கும் பயமாக இருந்தது.

"பயம் என்று ஓர் எதிர்வினை எங்கள் துறையில் கிடையாதம்மா" என்றார். "சிரிப்பு, புன்னகை, ஆனந்தக் கண்ணீர், இந்த மூன்றுதான். இந்தப் பிள்ளைகள் வடித்தது ஆனந்தக் கண்ணீர் என்றால் நான் இப்போதே போய்விடுகிறேன். ஆனால் ஆனந்தக் கண்ணீருக்குச் சத்தம் வராது. இவர்கள் சத்தம் போட்டார்கள். நானே கேட்டேன். படத்தில் குறை இருக்க முடியாது. அதை இயக்குநர் அங்கீகரித்துவிட்டார். அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்."

எல்லாரும் பிள்ளைகளைப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்துவிட்டோமே என்று சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

முதலில் பயிற்சி நடந்தது. எப்படிச் சிரிக்க வேண்டும் என்று ஏசுராஜ் செய்து காட்டினார். வாயை இவ்வளவு திறக்க வேண்டும், தோள் இரண்டு தரம் குலுங்க வேண்டும். அவர் சிரித்ததைப் பார்த்து முதல் வரிசையில் ஒரு பையன் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டான். பிறகு சிறந்த பார்வையாளர் என்று பொன்னுவேலை முன்னால் கூப்பிட்டார்கள். அவன் வந்து நின்று சிரித்தான். போதும் என்று யாரும் சொல்லாததால் சிரித்துக்கொண்டே இருந்தான். கண்ணில் நீர் வழிந்தது.

"பாருங்கள், ஆனந்தக் கண்ணீர்!" என்றார் அங்கப்பன்.

பிள்ளைகள் மட்டும் சிரிக்கவில்லை. அத்தாயி தன் அப்பனையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அங்கப்பன் கொஞ்ச நேரம் நடந்தார், யோசித்தார், ஒரு முடிவுக்கு வந்தார்.

"தாய்மார்களே, உங்கள்மேல் எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனால் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நீங்கள் பக்கத்தில் இருப்பதால்தான் இவர்கள் அழுகிறார்கள். அழுதால் தூக்குவதற்கு ஆள் இருக்கிறது என்ற தைரியம். அந்த ஆளை எடுத்துவிட்டால் அழுகைக்கு வேலை இல்லை. ஆகவே சிரிக்காத பிள்ளைகளை மட்டும் ஏற்காட்டுக்கு அழைத்துப் போய்ச் சிறப்புக் காட்சி காட்டப் போகிறோம். சிரித்தவுடன் திருப்பி அனுப்பிவிடுவோம்."

"எப்பங்க சிரிப்பாங்க?" என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள்.

"அது பிள்ளைகளைப் பொறுத்தது" என்றார் அங்கப்பன். "நாங்கள் யாரையும் வற்புறுத்துவதில்லை."

ஜீப்பின் பின்கதவைத் திறந்தார்கள். பிள்ளைகள் ஓடவில்லை, கத்தவில்லை. சத்தம் போட்டால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குப் படத்திலேயே காட்டியாகிவிட்டது. டிரைவர் ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே உட்கார வைத்தார். ஏசுராஜ் கேமராவை எடுத்துப் பெற்றோர்களை வரிசையாக நிறுத்தினார்.

"எல்லாரும் கொஞ்சம் சிரிங்க. பிள்ளைங்க படம் பாக்கப் போறாங்க. ஆபீசுல போட்டோ கேப்பாங்க."

அப்பன்மார் பல்லைக் காட்டினார்கள். அம்மாமார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அதை வெட்கம் என்று ஏசுராஜ் எடுத்துக்கொண்டார்.

கண்ணாயி வரிசையில் நிற்கவில்லை. நேராக ஜீப்பிடம் போனாள். படிமேல் காலை வைத்தாள்.

"அம்மா, பெரியவங்களுக்கு இடமில்லை" என்றார் ஏசுராஜ். "சிரிக்காதவங்க மட்டுந்தான்."

"நானுந்தானுங்க சிரிக்கல."

ஏசுராஜ் திகைத்தார். "நீங்க அன்னைக்குப் படத்துல இருந்தீங்களா?"

"இருந்தனுங்க. சிரிப்பு வருலீங்க. இப்பவும் வருலீங்க. வேணும்னா லைட்டு அடிச்சுப் பாருங்க."

பட்டப்பகலில் ஏசுராஜ் டார்ச்சை எடுத்து அவள் முகத்தில் அடித்தார். குனிந்து பார்த்தார். சுற்றி வந்தும் பார்த்தார். பிறகு அங்கப்பனிடம் திரும்பினார்.

"சிரிக்கலை சார். சுத்தமா இல்லை."

அங்கப்பன் பெருமூச்சு விட்டார். "விதி விதிதான். ஏற்றிக்கொள்."

ஜீப் கிளம்பியது. திரும்பிப் பார்த்தபோது பொன்னுவேல் மைதானத்தின் நடுவில் கையை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான். போட்டோவுக்காக வரவழைத்த சிரிப்பு முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

*

ஏற்காட்டில் ஏரிக்கு மேலே, துறை வாடகைக்கு எடுத்திருந்த ஒரு பழைய பங்களாவில் சிறப்புக் காட்சி. போய்ச் சேர்ந்தபோது பனிமூட்டம் ஏரியை மூடி, ரோட்டை மூடி, வாசற்படிவரை வந்துவிட்டது. ஹாலில் பெஞ்சுகள். சுவரில் வெள்ளைத் துணி. கதவை வெளியிலிருந்து தாழ் போட்டார்கள். காற்று வந்தால் துணி ஆடுமாம்.

படம் ஓடியது. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டார்கள். டார்ச் வெளிச்சம் மூடிய இமைகளில் விழுந்தது.

"மறுபடி" என்றார் அங்கப்பன்.

மறுபடியும் ஓடியது. கண்ணை மூடக்கூடாது என்று சொன்னார்கள். பிள்ளைகள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், உதடு மட்டும் கோண அழுதார்கள். இது ஆனந்தக் கண்ணீரில் சேருமா என்று ஏசுராஜ் மெதுவாகக் கேட்டார். அங்கப்பன் அருகில் போய் ஒரு பெண் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சேராது என்றார்.

"மறுபடி."

எத்தனை தரம் அந்தச் சாக்கு துள்ளி அடங்கியது என்று கண்ணாயிக்குத் தெரியவில்லை. அத்தாயி அவள் மடியில் கட்டைபோலக் கிடந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது. கூப்பிட்டும் திரும்பவில்லை. சாமி, கண்ணு என்று காதில் சொல்லிப் பார்த்தாள். அதற்கும் அசைவில்லை. அப்போதுதான் கண்ணாயிக்கு மற்ற பயமெல்லாம் போய், இது ஒன்றே பயமாக நின்றது.

மகளைத் தூக்கிக்கொண்டு அவள் எழுந்தாள்.

"ஏனுங்க, ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. அந்தக் குட்டிங்க எங்க போச்சுங்க? அதச் சொல்லீட்டா இவிய அழுவ மாட்டாங்க."

அங்கப்பன் பொறுமையாகத் திரும்பினார். "நல்ல கேள்வி. குட்டிகள் ஒரு பூங்காவுக்குப் போய், ஊஞ்சல் ஆடி, பாடம் படித்து, பரிசு வாங்கித் திரும்பி வருகிறார்கள். அது இரண்டாம் பாகம்."

"அதக் காட்டுங்களேன் சாமி!"

"இரண்டாம் பாகத்துக்கு இன்னும் அனுமதி வரவில்லை. குழந்தைகள் ஆண்டு முடிவதற்குள் படம் வெளிவர வேண்டும் என்பதால், கொண்டுபோகும் பாகத்தை மட்டும் முடித்தோம். அனுமதி வராதவரை அவர்கள் திரும்பி வந்தார்கள் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை அம்மா. உங்களிடம் இவ்வளவு சொன்னதே தவறு."

கண்ணாயி சுவரில் இருந்த துணியைக் கைகாட்டினாள்.

"நீங்க அந்தப் படத்தப் பாத்திருக்கீங்களா?"

"நானா?" அங்கப்பனுக்குக் கேள்வியே விநோதமாக இருந்தது. "என் வேலை மக்களைப் பார்ப்பது. படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் மக்களை யார் பார்ப்பது? துறையில் யாருமே அந்தப் பக்கம் திரும்புவதில்லை."

"ஒருக்கா திரும்பிப் பாருங்க. எப்பிடிச் சிரிக்கறதுன்னு நீங்களே காட்டுங்க. நாங்களும் அப்பிடியே சிரிச்சிர்றோம்."

கேட்டதில் தப்பு எதுவும் இல்லை. பொதுமக்கள் வழிகாட்டுதல் கேட்கிறார்கள், கொடுக்க வேண்டியது கடமை. அங்கப்பன் பெஞ்சில் வந்து, பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். படம் மறுபடி தொடங்கியது.

அணில்கள் குதித்தபோது அவர் புன்னகை செய்தார். ஜீப் வந்ததும் அந்தப் புன்னகை கொஞ்சம் தளர்ந்தது. ஆந்தை சாக்கை விரித்தது. கடைசிக் குட்டி உள்ளே போகாமல் சாக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டது. இத்தனை தரம் பார்த்தும் அந்தக் குட்டியின் விரல்களைக் கண்ணாயி கவனித்ததில்லை. அங்கப்பன் கவனித்தார். அவருடைய கை பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்தது. சாக்கு துள்ளியது, அடங்கியது. ஆந்தையின் முகம் சுவர் முழுக்க வந்து, உருளும் கண்களால் அவரைப் பார்த்து, "அடுத்து எந்த வீடு?" என்று கேட்டது.

"ஐயோ" என்றார் அங்கப்பன். சின்னக் குரல், யாரோ சின்னப் பையனுடைய குரல்போல இருந்தது.

சுவரோரம் நின்ற ஏசுராஜின் டார்ச் எரிந்தது. வழக்கப்படி அது முகம் முகமாக நகர்ந்து வந்து அங்கப்பனிடம் நின்றது. நகரவில்லை.

"சார்," என்றார் ஏசுராஜ், "நீங்க சிரிக்கலை."

"விளக்கை அணை ஏசுராஜ்."

"அணைக்க முடியாதுங்க சார். சிரிக்காத முகத்துமேல இருந்து எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான் பயிற்சியில சொன்னீங்க."

அங்கப்பன் சிரிக்க முயன்றார். வாயை இவ்வளவு திறந்தார். தோள் இரண்டு தரம் குலுங்கியது. ஆனால் வெளியே வந்தது விக்கல். விக்கலுக்குப் பின்னால் ஒரு கேவல், திரும்பவும் விக்கல். அதைக் கேட்டு பெஞ்சின் கோடியில் ஒரு பையன் களுக்கென்று சிரித்துவிட்டான். அடக்கப் பார்த்து முடியாமல் இன்னொருத்தி சிரித்தாள். அவ்வளவு நேரமும் அடைத்துக் கிடந்தது உடைந்து, பிள்ளைகள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அத்தாயி மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் தலையைத் தூக்கி, அங்கப்பனைப் பார்த்தாள். அவள் உடம்பில் சூடு திரும்புவது கண்ணாயியின் கைக்குத் தெரிந்தது.

ஏசுராஜ் டார்ச்சை ஒரு வீச்சு வீசிப் பார்த்தார். அந்த அவசரத்தில் வெளிச்சம் அத்தாயியிடம் நிற்கவில்லை.

"பிள்ளைங்க எல்லாம் சரியாயிட்டாங்க" என்றார். "நீங்க கூட்டிட்டுப் போகலாம்மா." பிறகு டிரைவரைக் கூப்பிட்டார். குரலில் மரியாதை குறையவில்லை. ஆனால் அது இப்போது உத்தரவு போடுகிற குரலாக ஆகியிருந்தது. "ஐயாவை சேலத்துக்குக் கொண்டுபோங்க. அங்க சரியாகலைன்னா மெட்ராஸ். சிரிச்சவுடனே திருப்பி அனுப்பிடுவாங்க."

"ஏசுராஜ், நான் உன் மேலதிகாரி!"

"அதனாலதாங்க சார் சிறப்புக் காட்சி."

அங்கப்பன் அதற்கு மேல் வாதாடவில்லை. அந்தத் துறையில் அவர் இருபது வருஷம் இருந்தவர். வாதாடுவதும் ஓர் எதிர்வினை என்று அவருக்குத் தெரியும்.

கண்ணாயி பிள்ளைகளைக் கைகோத்து நிற்க வைத்து வெளியே கூட்டி வந்தாள். அந்தி மங்கிக்கொண்டிருந்தது. பஜாரில் கடைசி பஸ் நிற்கும், வேகமாக நடந்தால் பிடித்துவிடலாம். பங்களா வாசலில் ஜீப் நின்றது. டிரைவர் அங்கப்பனின் முழங்கையைப் பிடித்துப் பின்பக்கம் ஏற்றினார். மரப்பலகையில் அவர் முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் உட்கார்ந்தார். டிரைவர் கதவைச் சாத்தினார். ஜீப் அடிவாரம் போகும் வளைவில் இறங்கி, விளக்கு இரண்டும் பனிக்குள் மங்கி, பிறகு சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

அத்தாயி அம்மாவின் கையை இழுத்தாள். பல நாளைக்குப் பிறகு கிசுகிசுக்காமல், வாய்விட்டுக் கேட்டாள்.

"அம்மா, அந்த ஐயாவக் கொண்டுபோறத அவிய ஊட்ல சொல்லீட்டாங்களா?"

பின்னால் பங்களாப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஏசுராஜ் வந்து நின்றார். சும்மாதான் நின்றார். கேள்வி அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். டார்ச் எரிந்தது. வெளிச்சம் பனியைக் கிழித்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையாகத் தடவி, அவர்கள் பக்கம் வந்தது.

கண்ணாயி இன்னும் சிரிக்காத மகளின் முகத்தை முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள். வெளிச்சத்துக்கு நேராக நிமிர்ந்து, சிரித்தாள்.